வாசல் கதவுக்கு அரக்குப் பட்டு!

வீட்டுக்கு வருகிற விருந்தாளி முதலில் பார்ப்பது உங்கள் முகத்தையா? இல்லவே இல்லை, வாசல் கதவைத்தான்! நீங்கள் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்குவதற்குள் ஒரு நிமிஷமாவது ஆகிறது அல்லவா? அந்த ஒரு நிமிஷமும் அவர் கதவைத் தவிர வேறு எதைப் பார்ப்பார், பாவம்!

அந்தக் கதவின் கதி என்ன என்று கொஞ்சம் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் உள்ள பழைய வீடாக இருந்தால், கதவுக்கு ஒரு பச்சை வர்ணம், அதன் மேல் ஒரு காபி வர்ணம், அதற்கும் மேல் ஒரு சந்தன வர்ணம் என்று மூன்று தலைமுறைப் பெயிண்ட் ஏறியிருக்கும். கீழ்ப் பக்கம் மழைநீர் பட்டுக் கறுத்திருக்கும். வீட்டுக்காரரோ, "இதைக் கழற்றிப் பழைய மரக்கடையில் போட்டுவிட்டு, கம்பெனிக் கதவாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்" என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று பெயிண்டுக்கும் அடியில் இருப்பது என்ன மரம் என்று யாராவது பார்த்தீர்களா?

1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கி, கடன் வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீடு கட்டினார்கள். மற்றதில் எல்லாம் சிக்கனம் பார்த்தவர்கள்கூட வாசல் கதவுக்கு மட்டும் தேக்கு போடுவதை ஒரு கௌரவமாக நினைத்தார்கள். இன்று அந்த வீடுகளை இடித்து அடுக்கு மாடி கட்டுகிறார்கள். கதவுகள் லாரி ஏறுகின்றன. பர்மா தேக்கு என்று நாம் பெருமையாகச் சொல்வோமே, அந்த நாட்டிலிருந்து அறுக்காத மரமாக ஏற்றுமதி செய்வது 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது. ஆகவே, கையில் இருக்கும் பழைய தேக்குக் கதவை அவசரப்பட்டு விற்றால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது லேசல்ல.

அதை அழகாக்கும் வழி ஒன்று உண்டு. பெயிண்டை எடுத்துவிட்டு, மரத்தின் ரேகை தெரியும்படி, ஆழ்ந்த கருஞ்சிவப்பாக மெருகேற்றுவதுதான். உங்கள் பீரோவில் அரக்குக் கலரில் ஒரு பட்டுப்புடவை இருக்கிறதல்லவா? அதே நிறத்தைக் கதவுக்கும் கட்டி விடலாம்.

பழைய பெயிண்டில் ஒளிந்திருக்கும் பகைவன்

முதல் வேலை பெயிண்டை எடுப்பது. இதில்தான் தாய்மார்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய நாளைய பெயிண்டுகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற சட்ட விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

உலர்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மெல்லிய தூசி பறக்கும். அது தரையில் படியும். தவழுகிற குழந்தை அந்தத் தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. ஒரு தடவை போன அறிவை எந்த டானிக்கும் திருப்பிக் கொடுக்காது.

ஆகவே கதவைக் கழற்றி வெளியே, குழந்தைகள் அண்டாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பெயிண்டை இளக்கும் மருந்தைப் பூசி, நனைந்த நிலையிலேயே சுரண்ட வேண்டும். கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கட்டும். சுரண்டியதை எல்லாம் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெயிண்டை நெருப்பு காட்டிச் சுடுவது வேண்டவே வேண்டாம். அந்தப் புகை தூசியைவிடப் பொல்லாதது.

பெயிண்ட் போனதும் மரம் முகம் காட்டும். அப்போது முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் மெல்லியது என்று மூன்று தரம் தேய்க்க வேண்டும். கடையில் 80, 120, 220 என்று எண் சொல்லி வாங்கலாம். எண் ஏற ஏறத் தாள் மெத்தென்று ஆகும். ரேகை போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது. சாயம் ஏறியதும் பூனை பிறாண்டியது போல் பல்லைக் காட்டும்!

வாழைக்காய் சொல்லும் ரசாயனம்

இனி நிறத்துக்கு வருவோம். சாயப் பொடியைக் கரைத்துப் பூசுவது எல்லோரும் செய்வது. ஆனால் மரத்தையே கறுக்க வைப்பது ஒரு தனிக் கலை. அதன் ரகசியம் உங்கள் சமையல் அறையிலேயே இருக்கிறது.

இரும்பு அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் மணையும் கறுக்கிறது, கையும் கறுக்கிறது. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் வேகவைத்தால் மசி போல் ஆகிவிடுகிறது. ஏன்? காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சந்தித்ததால்தான். துவர்ப்புச் சத்துக்கு 'டானின்' என்று பெயர். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதுபோல டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நம் முன்னோர்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுகிற மசி செய்தது இந்த முறையில்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு அல்லவா? கலம்காரித் துணிகளில் வருகிற கறுப்புக் கோடும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து போட்ட கோடுதான்.

மேல்நாட்டில் மேஜை, நாற்காலி, சுவர்ப் பலகை எல்லாம் செய்ய ஓக் மரத்தை விரும்புவார்கள். அதில் டானின் நிறைய உண்டு. சதுப்பு நிலத்தில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்த ஓக் கட்டைகள், சேற்றிலுள்ள இரும்பைக் குடித்துக் குடித்துக் கரியாகக் கறுத்துப்போய்க் கிடைப்பதுண்டு. அத்தனை காலம் காத்திருக்க முடியாதவர்கள் வேறு வழி கண்டார்கள். மூடிய அறைக்குள் ஓக் சாமானை வைத்து, பக்கத்தில் அம்மோனியாத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வைப்பார்கள். அந்த ஆவி மரத்துக்குள் புகுந்து டானினோடு சேர்ந்து ஆழ்ந்த பழுப்பு நிறம் கொடுக்கும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஸ்டவ் ஸ்டிக்லி என்பவர் செய்த சாமான்கள் இந்த நிறத்தாலேயே பெயர் பெற்றன.

"அப்படியானால் நாமும் அம்மோனியா வாங்கலாமா?" என்று கேட்காதீர்கள்! அந்த ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். தவிர, தேக்கில் ஓக்கைப் போல டானின் கிடையாது. அம்மோனியாவுக்கு அது அவ்வளவாக மசியாது. டானின் போதாத மரத்துக்கு வெளியிலிருந்து டானின் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது.

கதவுக்கு ஒரு கஷாயம்

கடுக்காய்த் தூள் 100 கிராம் வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இதற்கு இரும்புப் பாத்திரம் கூடாது. சமையலுக்கும் அந்தப் பாத்திரத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

ஒரு வாரம் முன்னதாகவே இன்னொரு காரியம் செய்திருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் வினிகரை ஊற்றி, ஒரு கைப்பிடி இரும்பு ஆணியைப் போட்டு வையுங்கள். மூடியை இறுக மூடாதீர்கள்; உள்ளே வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும். ஒரு வாரத்தில் வினிகர் இரும்பைக் கரைத்துக்கொண்டு மங்கலாகிவிடும். அதையும் வடிகட்டுங்கள்.

இப்போது கடுக்காய்க் கஷாயத்தைக் கதவில் ஒரே சீராகப் பூசிக் காய விடுங்கள். காய்ந்ததும் இரும்பு நீரைப் பூசுங்கள். கண் எதிரே மரம் கறுத்துக்கொண்டே வருவதைப் பார்க்க வேண்டுமே, மாயாஜாலம் போல் இருக்கும்!

முழுக் கறுப்பு வேண்டாம், காபிக் கொட்டை நிறம் போதும் என்றால், இரும்பு நீர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். குறைவாகக் கறுத்தால் இன்னொரு கை பூசலாம். அதிகமாகக் கறுத்துவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். புடவைக்கு மேட்ச் ரவிக்கை எடுக்கும்போது ஓரத்தில் வைத்துப் பார்க்கிறோமல்லவா? அதுபோல் கதவின் அடி விளிம்பிலோ, அதே மரத்துண்டிலோ முதலில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

பூசியவுடன் நிறம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மெருகு ஏறியதும் அது ஆழ்ந்துவிடும்.

வெள்ளம் வைத்த கறுப்புப் பொட்டு

இதே ரசாயனம் நமக்கு எதிரியாகவும் வருவதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு கதவில் ஆணியைச் சுற்றியும் கீலைச் சுற்றியும் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்திருக்கும். மரம் அழுகிவிட்டது என்று நினைத்துக் கதவை விற்றவர்கள் உண்டு. விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் அது அழுகல் அல்ல. இரும்பின் துருவும் மரத்தின் துவர்ப்பும் கலந்த மசிதான்!

இதற்கு ஆக்ஸாலிக் அமிலம் என்ற வெள்ளைப் பொடி மருந்து. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 50 கிராம் கரைத்து, பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பிரஷால் தடவினால் கறுப்பு மறையும். ஆனால் அது விஷம். கையுறை போடாமல் தொடக் கூடாது. சர்க்கரை, உப்பு டப்பாக்களின் பக்கத்தில் வைக்கவும் கூடாது. பிறகு மூன்று முறை நல்ல தண்ணீரால் துடைத்து அலம்பிவிடுங்கள். சரியாக அலம்பாவிட்டால் அடுத்துப் பூசும் இரும்பு நீர் கறுக்காது. அங்கே மட்டும் தேமல் போல் வெளுத்து நிற்கும்.

ஒரு பூச்சி கொடுத்த சீர்

நிறம் வந்தாயிற்று. மெருகு வேண்டாமா? பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர்தான் பிரெஞ்சு. அதில் உள்ள அரக்கு அசல் நம் நாட்டுச் சரக்கு!

புரசு, இலந்தை, பூவத்தி முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி கசியவிடும் பிசின்தான் அரக்கு. வடமொழியில் இதற்கு 'லாக்ஷா' என்று பெயர். லட்சக்கணக்கில் பூச்சிகள் கூடுவதால் வந்த பெயர் என்பார்கள். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் இது பெரிய தொழில். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அந்தக் கூட்டிலிருந்து கிடைத்த சிவப்புச் சாயம்தான் நம் பட்டுப்புடவைக்கு அரக்கு என்ற நிறத்தின் பெயரைக் கொடுத்தது. அதன் பிசின் வளையல் ஆயிற்று. முத்திரை மெழுகு ஆயிற்று. நம் பாட்டிமார் கேட்டு மகிழ்ந்த கிராமபோன் இசைத்தட்டும் ஆயிற்று. புடவைக்கு நிறம் கொடுத்த அதே பூச்சி, கதவுக்கும் பளபளப்பைச் சீராகக் கொண்டுவருகிறது!

மெல்லிய சருகு போல் கிடைக்கும் அரக்கு 150 கிராமை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் முதல் நாள் இரவே ஊறப்போட்டால் காலையில் கரைந்துவிடும். பழைய வேஷ்டித் துண்டில் பஞ்சை வைத்து, கொழுக்கட்டை போல் முடிந்துகொள்ள வேண்டும். அதை அரக்கில் தோய்த்து, ரேகையோடு ஒரே இழுப்பாக, மேலிருந்து கீழ் வரை தேய்க்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டார்கள் என்று கையை நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் தழும்பு விழும். மெல்லிசாகப் பல கை, அதுதான் சூத்திரம். ஒவ்வொரு இரண்டு மூன்று கைக்கும் ஒரு முறை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாக வருடி, தூசி துடைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். எட்டு, பத்து கை ஏறியதும் மரத்துக்குள்ளே விளக்கு வைத்தது போல் ஒரு ஒளி வரும். அரக்குக்கு இயற்கையாகவே உள்ள செம்பொன் சாயல், கடுக்காய்க் கறுப்பின் சாம்பலைப் போக்கி, கதகதப்பான கருஞ்சிவப்பாக்கிவிடும்.

ஆனால் அரக்குக்கு இரண்டு பகை உண்டு: தண்ணீரும் சூடும். சூடான காபி டபராவை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆகவே ஊஞ்சல் பலகை, கண்ணாடி பீரோ, பூஜை அறைக் கதவு, மழை படாத உள் கதவு ஆகியவற்றுக்கு அரக்கு பாலிஷ் சிலாக்கியம். சாரல் அடிக்கும் வாசல் கதவுக்கு அடியில் அரக்கைக் கொடுத்து நன்றாகக் காயவிட்ட பிறகு, மேலே வெயிலையும் மழையையும் தாங்கும் 'பி.யு.' பாலிஷ் கொடுக்கச் சொல்லலாம். அரக்கும் அதுவும் ஒட்டுமா என்று முதலில் மரத்துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கிய அரக்காக இருந்தால்தான் நன்றாக ஒட்டும். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசும் வாசற்படிக்கும் 'பி.யு.'தான் தோது.

அரக்கு மாளிகை ஆகாமல் இருக்க

பாண்டவர்களுக்குத் துரியோதனன் ஏன் அரக்கு மாளிகை கட்டினான்? எளிதில் பற்றி எரியும் என்பதால்தானே! இங்கே அரக்கோடு ஸ்பிரிட்டும் சேர்ந்திருக்கிறது. பாலிஷ் நடக்கிற நாளில் அந்த அறையில் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஸ்பிரிட் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குடித்தால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷச் சாராயம் அதில் கலந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிலர் அரக்குக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்புப் படாமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் அந்தத் துணியை வெளியே விரித்து உலர்த்துங்கள். அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

நாள் பார்த்துச் செய்யுங்கள்

இதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம். வானத்தைப் பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாலிஷ் போட்டால், காற்றின் ஈரம் அரக்கில் புகுந்து வெள்ளை பூத்துவிடும். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று மார்கழிப் பனியில் அவசரப்படுவதைவிட, தை பிற்பாதியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது உத்தமம். வெள்ளை பூத்துவிட்டால் வெயில் நாளில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

நீங்களே செய்யாமல் ஆள் வைத்துச் செய்தாலும், வீட்டில் இருந்து மேற்பார்வை பார்க்கப் போவது பெரும்பாலும் நீங்கள்தானே! மேஸ்திரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சாயம் ஏற்றுவதற்கு முன் எத்தனை தரம் தேய்ப்பீர்கள்? எத்தனை கை பாலிஷ்? கணக்கில் சட்டமும் சேர்த்தியா? ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலக் கதவு ஒரு பக்கம் இருபத்து நாலரை சதுர அடி. இரண்டு பக்கமும் நாற்பத்தொன்பது. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே கூலி நியாயமாக வரும்!

புதுச் சாமான் வாங்கும்போதும் இந்த அறிவு கைகொடுக்கும். கருநிறப் பாலிஷ் அழகுக்கு மட்டுமல்ல, குற்றத்தை மறைக்கவும் உதவும். மாமரத்துக்குச் சாயம் பூசித் தேக்கு என்றும், தோதகத்தி என்றும் விற்பவர்கள் உண்டு. கட்டிலின் அடிப்பக்கத்தையும் மேஜை இழுப்பறையின் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே சாயம் பூசியிருக்க மாட்டார்கள். மேலே கருஞ்சிவப்பு, அடியில் வெளிறிய வெள்ளை என்றால், சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போங்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் திருமுல்லைவாயில் கோயிலில் சந்நிதி முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றனவே, தரிசித்திருக்கிறீர்களா? எருக்கஞ்செடியையே தூணாகப் போற்றிக் காப்பாற்றி வந்திருக்கிற ஊர் இது. தேக்குக் கதவைக் காப்பாற்ற முடியாதா என்ன?

அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரர் பழைய மரக்கடையைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒன்றும் பதில் சொல்லாதீர்கள். ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, கதவின் மூலையில் ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்த்து, அடியில் இருக்கும் பொன்னிற ரேகையைக் காட்டுங்கள். அப்புறம் பேச்சை அந்தக் கதவே பார்த்துக்கொள்ளும்!